தந்தையில்லார்க்குத் தொழில்: சென்னை அளவைப் பள்ளியின் வரலாறு

தொழில் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகத் தந்தை மகனுக்குக் கொடுக்கும் சொத்தாகவே இருந்து வந்துள்ளது. தச்சன் மகன் உளிபிடிக்கக் கற்றது பள்ளிக்கூடத்தில் அன்று. தன் வீட்டுத் திண்ணையிலேயாம். நெசவாளி மகன் தறிக்குழியின் ஓரத்தில் தவழ்ந்து வளர்ந்தான். வணிகன் மகன் பேரேட்டைப் புரட்டியே எண்ணும் எழுத்தும் அறிந்தான். ஆசானுக்குக் கொடுக்கும் கூலியும் இல்லை. கற்று முடித்தபின் வேலை தேடி ஊரூராய் அலைதலும் இல்லை. ஆசான், கருவி, உணவு, வாடிக்கைக்காரர் என்னும் நான்கும் தந்தையின் மனையிலேயே ஒருங்கு கிடைத்தன. இவ்வேற்பாட்டின் நன்மை தீமைகளைப் பலர் பலவாறு பேசியுள்ளனர். யாம் ஈண்டு அவற்றுள் ஒன்றனை மட்டும் எடுத்துக்கொள்வோம். தந்தையில்லாத பிள்ளை யாது செய்வான்? தந்தையிருந்தும் அவன் தொழில் அழிந்துபோயிற்றாயின், அவன் மைந்தன் எவ்வாசலிற் சென்று நிற்பான்?

இவ்வினா இன்று நம் வீடுகள் பலவற்றில் எழுந்துள்ளதொன்றேயாயினும், புதியதன்று. ஏறக்குறைய இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் சென்னை நகரிலேயே இது எழுந்தது. அதற்கு ஒரு விடையும் காணப்பட்டது. அவ்விடையின் வரலாறு நம்மவர் பலருக்குத் தெரியாது. கிண்டியில் ஓங்கி நிற்கும் பொறியியற் கல்லூரியைப் பார்ப்போர், அதன் வேர் எழும்பூரில் இருந்த ஓர் அநாதைச் சாலையிற் சென்று முடிவதை நினைப்பதில்லை. ஆகலின் அவ்வரலாற்றை ஒருவாறு எழுதி, நம் சங்கத்தார் அதனின்று கொள்ளத்தக்கது யாதென்பதையும் ஆராயப் புகுகின்றோம்.

எழும்பூர்ச் சிறுவர்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலக் கம்பெனியார் ஐதரலியோடும், அவன் மைந்தன் திப்புவோடும் இடைவிடாது போர் புரிந்து வந்தனர். அப்போர்களின் பொருட்டு ஐரோப்பியச் சிப்பாய்கள் பலர் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். அவருட் பலர் இந்நாட்டுப் பெண்டிரோடு வாழ்ந்து மக்களைப் பெற்றனர். சிலர் போரில் மடிந்தனர். சிலர் சுரத்தாலும் பேதியாலும் மாண்டனர். சிலர் மனைவி மக்களை இங்கேயே விட்டுத் தம் நாட்டிற்குக் கப்பலேறினர். எஞ்சிய பிள்ளைகளின் நிலை மிக இரங்கத்தக்கது. தந்தையின் இனத்தார் இவர்களைத் தம்மவரென்று கொள்ளவில்லை. தாயின் சுற்றத்தாரும் பெரும்பாலும் வீட்டிற் சேர்க்கவில்லை. நம்மவர் இவர்களைச் ‘சட்டைக்காரர்’ என்று கூறி அப்பால் நின்றனர். எக்குலத்தார் என்று கேட்டால் விடை கூற இயலாதவராய், எத்தொழிலுக்கும் உரிமையற்றவராய் அவர்கள் கோட்டைக்கு வெளியே தெருக்களில் திரிந்தனர்.

இவர்களின் பொருட்டு எழும்பூரில் அநாதைச் சாலை ஏற்பட்டது. 1789-ஆம் ஆண்டில் ஆண் பிள்ளைகளின் சாலைக்கு ஆண்டுரு பெல் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் தலைவரானார். இவர் பட்டாளங்களுக்குக் குருவாயிருந்து பெற்றுவந்த ஊதியமே போதுமென்று, இச்சாலைக்குரிய சம்பளத்தை வேண்டாமென மறுத்தார். ஆயினும் சாலையில் இருந்த உபாத்தியாயர்களைக் கொண்டு அவரால் ஒன்றும் சாதிக்க முடியவில்லை. பிள்ளைகள் மாதக்கணக்காக எழுத்துக்கூட அறியாதிருந்தனர்.

ஒருநாட் காலை பெல் குதிரை மீதேறிச் செல்லுகையில், நம்மவர் திண்ணைப்பள்ளிக்கூடம் ஒன்றனைக் கண்டார். பிள்ளைகள் நிலத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதிக்கொண்டும், ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தனர். காகிதமும் மையும் இன்றியே எழுத்து வருகின்றதே என்று வியந்து, தம் சாலைக்குத் திரும்பி அவ்வாறே செய்யுமாறு உபாத்தியாயரை ஏவினார். உபாத்தியாயர் அது நடவாதென்று மறுத்தார். பெல் வாதாடவில்லை, ஜானி பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்புவித்தார். சிப்பாய் ஒருவனுக்குப் பிறந்த அச்சிறுவன் உபாத்தியாயரால் ஆகாததைச் செய்து காட்டினான். அது முதல் மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறை சாலை முழுதும் பரவிற்று. பெல் 1796-இல் தாயகம் திரும்பி, மறுவருடம் இம்முறையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு அஃது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பள்ளிகளில் வழங்கலாயிற்று. நம் திண்ணைப்பள்ளியின் சட்டாம்பிள்ளை முறை கடல் கடந்து சென்ற வரலாறு இஃதே.

எழுத்தும் கணக்கும் கற்பித்தாயிற்று. பெல் அத்தோடு நில்லாமல், பூதபௌதிக சாஸ்திரத்தின் சோதனைகளையும் செய்து காட்டிக் கற்பித்தார். 1792-இல் முடிந்த போரில் பிணையாகக் கொண்டுவரப்பட்ட திப்புவின் மைந்தர் இருவரும் 1794-இல் தந்தையிடம் திருப்பியனுப்பப்பட்டபோது, உடன்சென்ற தூதுக்குழுவில் வில்லியம் ஸ்மித்து என்னும் இச்சாலை மாணாக்கனும் சென்றான். மைசூர் வேந்தன் முன்னிலையில் அச்சோதனைகளைச் செய்து காட்டியவன் அவனே.

வித்தை வந்தது, வேலை எங்கே? ஈண்டுதான் அப்பிள்ளைகளின் இடர் முற்றும் விளங்கும். 1791-ஆம் ஆண்டில் கம்பெனி இயக்குநர், இந்தியத் தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தவர் எவரும் தம் சிவில், இராணுவ, கப்பல் உத்தியோகங்களில் அமர்த்தப்படலாகாதென்று உத்தரவு செய்தனர். 1795-இல் வந்த பிறிதோர் உத்தரவின்படி, தாயும் தந்தையுமாகிய இருவரும் ஐரோப்பியரல்லாதார் இராணுவத்தில் குழலூதுவோராகவும், முரசு கொட்டுவோராகவும், குதிரைக்கு இலாடம் அடிப்போராகவுமன்றி வேறெவ்வாறும் சேர்தல் இயலாதாயிற்று. தந்தையர் உயிர்கொடுத்த பட்டாளத்திலேயே மைந்தர்க்கு இடம் இல்லை. கற்பிக்கும் கதவு திறந்தது; பிழைக்கும் கதவு சாத்தப்பட்டது. இவ்விரண்டு உத்தரவுகளுக்கும் இடைப்பட்ட 1794-ஆம் ஆண்டில் யாம் கூறவந்த பள்ளி தோன்றியது.

எட்டு மாணாக்கர்

மைக்கேல் டாப்பிங் என்பார் கம்பெனியாரின் வானசாஸ்திரியாகவும், கடலோர அளவையாளராகவும் இருந்தவர். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாராய்ச்சிக்கூடம் இவர் பொறுப்பில் இருந்தது. அதற்கென நிறுத்திய கருங்கற்றூண், தமிழ் உட்பட்ட பல மொழிச் சாசனங்களோடு, நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் இன்றும் நிற்பதை அன்பர்கள் காணலாம். கிருஷ்ணை, கோதாவரி நதிகளின் நீரைப் பாசனத்திற்குத் திருப்புவதற்கான அளவைகளையும் இவரே செய்தார். ஏரிகள், வாய்க்கால்களின் மராமத்து மேற்பார்வையும் இவரிடம் வந்தது.

திப்புவிடமிருந்து பாராமகாலும் திண்டுக்கல்லும் புதிதாகக் கைப்பற்றப்பட்டிருந்த காலம் அது. நிலத்தை அளவாமல் வரி விதிக்க முடியாது. மட்டம் பாராமல் வாய்க்கால் வெட்ட முடியாது. அளக்க வல்லாரோ மிகச் சிலர். இங்கிலாந்திலிருந்து ஆட்களை வருவித்தலோ பெருஞ்செலவு. இந்நிலையில் டாப்பிங், அநாதைச் சாலைப் பிள்ளைகளுக்கு அளவை சாஸ்திரம் கற்பித்துத் தமக்குத் துணையாகக் கொள்ளலாமென்று துரைத்தனத்தார்க்கு எடுத்துரைத்தார். 1794-ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்டுச் சிறுவரோடு அளவைப் பள்ளி தொடங்கிற்று.

எட்டே பேர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பெரிய கட்டடம் எழவில்லை; பேருரைகள் நிகழவில்லை. ஆயினும் இப்பள்ளியின் அமைப்பில் மற்றைப் பள்ளிகளுக்கு இல்லாத சிறப்பொன்று இருந்தது. கற்கும்போதே மாணாக்கன் தொழிற்பயிலுநனாகப் பதிவு செய்யப்பட்டான், பயிலுங்காலத்தில் அவனுக்கு உணவிற்கு வழி இருந்தது, கருவி கம்பெனியாருடையது, கற்று முடித்தவுடன் செல்லவேண்டிய வேலையும் முன்னரே காத்திருந்தது. முற்பகுதியில் யாம் கூறிய தந்தையின் மனையில் கிடைத்த ஆசான், கருவி, உணவு, வாடிக்கை என்னும் நான்கும், தந்தையில்லாத எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியில் ஒருங்கே கிடைத்தன. பள்ளியே தந்தையாயிற்று என்று கூறின் மிகையாகாது.

டாப்பிங் தாம் நட்ட செடி தளிர்த்ததைக் காண நெடுநாள் வாழவில்லை. 1796-இல் காலமானார். அவர்க்குப்பின் கோல்டிங்காம் என்பார் வானாராய்ச்சிக்கூடத்தையும் அளவைப் பள்ளியையும் ஏற்று நடத்தினார்.

மலையுச்சியும் கோபுரமும்

1799-இல் திப்பு வீழ்ந்தபின், காலின் மெக்கன்சி மைசூர் நாட்டை அளக்கத் தொடங்கினார். தமிழ், தெலுங்கு, கன்னட ஏடுகளையும் சாசனப் பிரதிகளையும் பெருந்தொகையாகத் திரட்டிய மெக்கன்சி இவரே. அவர் அளவைக் கூட்டத்தில் அளவைப் பள்ளியிற் பயின்ற இளைஞர் துணைவராகச் சென்றனர்.

அதனினும் பெரிய வேலை ஒன்று அடுத்து வந்தது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10-ஆம் நாள், பரங்கிமலையை அடுத்த வெளியில் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு, ஏறக்குறைய ஏழரை மைல் தூரம், சங்கிலியை நானூறு முறை வைத்து வைத்து அளத்தல் வேண்டும். வெயிலில் எஃகு நீளும். ஆகலின் ஒவ்வொரு முறையும் வெப்பத்தின் அளவைக் குறித்துக் கணக்கைத் திருத்தல் வேண்டும். ஒரு விரற்கடை பிழைப்பினும், அக்கோட்டின்மேல் எழும் முக்கோணங்கள் எல்லாம் பிழைபடும். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கட்டிச் சென்றே குமரிமுனை முதல் இமயம் வரை பாரத நாடு அளக்கப்பட்டது.

இவ்வேலைக்கு அறிவு மட்டும் போதாது; பொறுமையும் உடல் வலியும் வேண்டும். ‘தியோடலைட்டு’ என்னும் பெரிய கோணமானி ஏறக்குறைய அரை டன் நிறையுள்ளது. அதனை மலையுச்சிக்கும் கோபுரத்திற்கும் ஏற்றுதல் வேண்டும். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றுகையில், கயிறு அறுந்து அக்கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் கூடாரத்திற்குள் இருந்து, ஆறு வாரம் உழைத்து, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே தட்டி நேர் செய்தார். தலைவனே சுத்தியல் பிடித்ததை உடனிருந்த இளைஞர் கண்டனர். ஏட்டில் எழுதிக் கொடுக்க இயலாத பாடம் அது. கைவேலை இழிவென்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

லாம்டனின் துணைவருள் முதன்மையானவர் யோசுவா டி பெனிங் என்பார். இவர் சென்னை அளவைப் பள்ளியிற் பயின்ற பிள்ளைகளுள் ஒருவர். இளமையிலேயே லாம்டனிடம் சேர்ந்து, அவரோடு காடும் மலையும் திரிந்து, கோணம் பார்த்தலும், கணக்கிடுதலும், கூட்டத்தை நடத்துதலும் ஆகிய எல்லாம் கற்றார். 1823-இல் மத்திய இந்தியாவில் ஹிங்கன்காட் என்னும் ஊரில் லாம்டன் இறந்தார். பின் வந்த எவரெஸ்டின் தலைமையிலும் டி பெனிங்கின் கைத்திறன் வேண்டப்பட்டது. பிற்காலத்தில் கல்கத்தாவில் அமைந்த கணிதக் காரியாலயத்தில் அவர் தலைமைக் கணிதராய் விளங்கினார். அத்துறையிலேயே, 1831-ஆம் ஆண்டில் இராதாநாத் சிக்தார் என்னும் வங்காள இளைஞர் கணிதராகச் சேர்ந்தார். உலகில் உயர்ந்த சிகரம் இஃதென்று கணக்கிட்டுக் காட்டிய பெருமை அவர்க்கு உரியதாகப் பின்னாளில் பேசப்பட்டது. ஆலிவர், ராசன்ரோடு என்னும் வேறு துணைவரும் லாம்டன் காலத்திற் பயின்று, எவரெஸ்டு காலத்தும் பணி தொடர்ந்தவரேயாவர்.

குழலூதவும் இலாடம் அடிக்கவுமே தகுதியுடையார் என்று ஓர் உத்தரவினால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். இவர்கள் பிடித்த சங்கிலியும், பார்த்த கோணமும், எழுதிய கணக்குமே இன்று நாம் காணும் பாரத நாட்டுப் படத்திற்கு அடியாய் அமைந்தன.

பெற்றதும் பெறாததும்

வரலாறு எழுதுவோன் ஒரு பக்கத்தையே எழுதுதல் முறையன்று. கம்பெனியார் இப்பிள்ளைகளை ஏற்றது அருளினால் மட்டும் அன்று. அவர்களுடைய உழைப்பு மலிவாகக் கிடைத்தமையாலுமாம். ஐரோப்பிய அதிகாரி ஒருவருக்குக் கொடுக்கும் ஊதியத்தை நோக்க, இவர்கள் பெற்றது மிகச் சிறிது. உயர் பதவிகள் பட்டாளத்து அதிகாரிகளுக்கே உரியனவாயிருந்தன. முப்பது ஆண்டு உழைத்தவரும் ‘உபசகாயர்’ என்னும் பெயரோடே நின்றார். மலைக்காடுகளில் விஷசுரம் கண்டு மாண்ட உபசகாயர், பியூன், கலாசிகளின் பெயர்களை அறிவார் எவர்? சிகரத்திற்கு எவரெஸ்டின் பெயர் நின்றது. சங்கிலி பிடித்தவர் பெயர் பெரும்பாலும் பழங்கணக்குப் புத்தகங்களிலேயே கிடக்கின்றது.

ஆகவே இவ்வரலாற்றினின்று இரண்டு உண்மைகள் பெறப்படும். வித்தையும் வேலையும் ஒரே கையால் கொடுக்கப்பட்டபோது, யாருமற்ற பிள்ளையும் நிலைபெற்றான் என்பது ஒன்று. ஏறும் படி இல்லாத வேலை ஏழையை ஏழையாகவே வைத்திருக்கும் என்பது மற்றொன்று. முதலாவதைக் கண்டு மகிழ்ந்து இரண்டாவதை மறப்போமாயின், தருமம் என்னும் பெயரால் மலிவான கூலியாட்களைத் திரட்டுவோரேயாவோம்.

பள்ளியும் பட்டறையும் பிரிந்த வரலாறு

அளவைப் பள்ளி பல மாறுதல்களை அடைந்து, 1858-இல் சிவில் எஞ்சினியரிங் பள்ளியாகவும், மறுவருடம் கல்லூரியாகவும் உயர்ந்தது. 1920-இல் கிண்டிக்கு மாறிற்று. 1978-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தின் அங்கமாய், இன்று அண்ணா பெயரால் விளங்குவதும் அதுவே. கல்லூரி உயர உயர, அநாதைப் பிள்ளை அதன் வாயிலை எட்டுவது அரிதாயிற்று. இது கல்லூரியின் குற்றமன்று, உயர்கல்வியின் இயல்பு. ஆயினும் அப்பிள்ளைக்கு வேறு வாயில் திறக்கப்பட்டதா என்பதே நம் வினா.

1850-ஆம் ஆண்டில் இரண்டு முயற்சிகள் நிகழ்ந்தன. ஒன்று, இந்திய அரசாங்கத்தார் இயற்றிய தொழிற்பயிலுநர் சட்டம். அநாதைகளும், பொதுத் தருமத்தினால் வளர்க்கப்படும் ஏழைப் பிள்ளைகளும் தொழில் கற்றுப் பிழைத்தற்பொருட்டே அஃது இயற்றப்பட்டது. பத்து வயதிற்கு மேல் பதினெட்டு வயதிற்குட்பட்ட பிள்ளையை, ஏழாண்டிற்கு மேற்படாமல், எழுத்து மூலமான உடன்படிக்கையால் ஒரு தொழிலாளியிடம் ஒப்புவிக்க அச்சட்டம் இடந்தந்தது. தலைவன் கொடுமை செய்யின் நியாயாதிபதியிடம் முறையிடவும் வழி செய்தது. மற்றொன்று, அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் வைத்தியர் சென்னையில் தம் சொந்தச் செலவில் தொடங்கிய கலைப் பள்ளி. மட்பாண்டம், செங்கல், ஓடு, சித்திரம் செதுக்குதல் முதலியன அங்கே கற்பிக்கப்பட்டன. பின்னர் அரசாங்கத்தார் அதனை ஏற்றுக்கொண்டனர். அதுவே எழும்பூரில் இன்றும் உள்ள கவின்கலைக் கல்லூரி.

அக்கலைப் பள்ளியிற்றான் 1898-இல் ஆல்பிரடு சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். கன்னார் கையில் புதிய உலோகத்தைக் கொடுத்து, செய்த பாத்திரத்தை விலைக்கும் விற்றார். கற்பது ஓரிடம், விற்பது ஓரிடமாகப் பிரியாமல் இருந்தமையால் தொழில் வேரூன்றிற்று. சில ஆண்டுகளில் அதனைத் தனிக் கம்பெனியொன்று வாங்கிக்கொண்டது. அவ்வாறே கைத்தறித் தொழிலைச் சீர்திருத்தச் சேலத்தில் ஒரு நெசவுச்சாலையும் நடத்தினார். ஆனால் அரசாங்கம் வியாபாரத்தில் தலையிடுகிறதென்று ஐரோப்பிய வணிகர் கூக்குரலிட்டனர். 1910-இல் இந்தியா மந்திரியாயிருந்த மார்லி பிரபு, அரசாங்கம் கற்பித்துக் காட்டுவதோடு நிற்கவேண்டுமேயன்றித் தொழிற்சாலை நடத்தலாகாதென்று கட்டளையிட்டார். சேலத்து நெசவுச்சாலை மூடப்பட்டது. பள்ளி ஒருபுறமாகவும் பட்டறை ஒருபுறமாகவும் நிற்கும் நிலை இவ்வாறு வலுப்பெற்றது. எண்பதாண்டாயினும் ஆறாத புண்போல அப்பிளவு நம் தொழிற்கல்வியில் நெடுங்காலம் தங்கிற்று.

நாடு விடுதலையடைந்தபின் இப்பிளவைப் பொருத்தும் முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமும், அதன்வழித் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஏற்பட்டன. 1961-இல் புதிய தொழிற்பயிலுநர் சட்டம் வந்தது. அதன்கீழ் 2019-இல் திருத்திய விதிகளின்படி, முப்பதும் அதற்கு மேலும் ஆட்களையுடைய நிலையங்கள் தம் ஆட்களில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பயிலுநரை அமர்த்துதல் கடமையாக்கப்பட்டது. நான்கு முதல் இருபத்தொன்பது ஆட்களையுடையோர் விரும்பின் அமர்த்தலாம். 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பயிலுநர் ஊக்கத் திட்டத்தில், பயிலுநர் உதவித்தொகையில் நாலில் ஒரு பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய அரசாங்கம் ஏற்க முன்வந்தது. 2022-இல் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் ‘நான் முதல்வன்’ என்னும் திறன் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். சட்டம் இல்லையென்று இனி எவரும் கூறுதற்கில்லை. சட்டத்தைக் கைக்கொள்ளும் பட்டறை முதலாளியும், பிள்ளையின் கையைப் பிடித்து அப்பட்டறை வாயிலுக்கு அழைத்துச் செல்லும் பெரியவரும் இருக்கின்றனரா என்பதே கேள்வி.

நாம் செய்யத்தக்கது

அன்பர்காள்! நம் சங்கங்கள் தோன்றிய நாள் முதல் கல்வித் தருமத்தில் பின்வாங்கியதில்லை. புத்தகம் வழங்குகின்றோம், பள்ளிச் சம்பளம் கட்டுகின்றோம், பரிசளிப்பு விழா நடத்துகின்றோம். இவையெல்லாம் நல்லனவே. ஆயினும் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு மேடையினின்றும் இறங்கும் பிள்ளை, மறுநாட் காலை எங்கே செல்கின்றான் என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்? தந்தையிழந்த பிள்ளையும், தறியோ வண்டியோ விலைபோன வீட்டுப் பிள்ளையும், பத்தாம் வகுப்பிற் றவறிய பிள்ளையும் அவ்விழாவிற்கு வருவதேயில்லை. எழும்பூர்ச் சாலையின் வாயிலில் அன்று நின்றவரைப் போல இன்று நிற்பவர் அவர்களே.

ஆகலின், அளவைப் பள்ளியின் வரலாற்றைத் துணையாகக்கொண்டு சில யோசனைகளைச் சங்கத்தார் முன் வைக்கின்றோம்.

முதலாவது, எட்டுப் பேரோடு தொடங்குவோம். நூற்றுக்கணக்கானோர்க்கு ஒரு நாட் பயிற்சி தருதலினும், எண்மரை மூன்றாண்டு தாங்குதல் மேலானது.

இரண்டாவது, அச்சகம், பழுதுபார்க்கும் பட்டறை, அரிசியாலை, மருந்துக்கடை, கணக்கர் அலுவலகம், கட்டட வேலை முதலியன நடத்தும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளைக்கேனும் இடம் தருவதாக எழுதிக்கொடுத்தல் வேண்டும். வேலை முன்னர் நிற்க, வித்தை அதனை நோக்கிச் செல்லட்டும். இன்ன வேலைக்கென்று அறியாமற் பயிற்றுதல் குறியின்றி அம்பெய்தலேயாம்.

மூன்றாவது, பயிலுங்காலத்திற் பிள்ளையின் வீட்டிற்குச் சோறு வேண்டும். தாய் கூலிக்குச் செல்லும் வீட்டில், ஓராண்டு சம்பாதிக்காத மைந்தன் ஒரு பாரம். உதவித்தொகையில் அரசாங்கப் பங்கு போக எஞ்சியதை முதலாளியும் சங்கமும் பகிர்ந்துகொள்ளலாம். முதற் கருவிப்பெட்டி சங்கத்தின் கொடையாயிருக்கட்டும்.

நான்காவது, எல்லாம் எழுத்தில் இருத்தல் வேண்டும். எத்தனை மாதம், என்ன கற்பிப்பது, எவ்வளவு கொடுப்பது, முடிந்தபின் என்ன பதவி என்பன உடன்படிக்கையிற் காணப்படவேண்டும். ‘நம் பையன்தானே’ என்று தொடங்கி, தேநீர் வாங்கி வரவும் கடை பெருக்கவும் ஏவி, மூன்றாண்டு கழித்து வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் நம்மிடை இல்லாமற் போகவில்லை. உறவின் பெயரால் நிகழும் இக்கொடுமையை முதலில் நாம் நிறுத்துதல் வேண்டும்.

ஐந்தாவது, ஏறும் படியை மறவாதிருத்தல். டி பெனிங்குக்கு உலகம் செய்யத் தவறியதை நம் பிள்ளைகளுக்கு நாம் செய்வோம். திறமை கண்டபின், பிறர் வீட்டுப் பிள்ளையாயினும் மேற்பார்வையாளனாக்குவோம், கூட்டாளியாகவும் ஆக்குவோம். ஆண்டறிக்கையில், எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதை மட்டும் எழுதாமல், ஓராண்டிற்குப்பின் எத்தனை பேர் வேலையில் நிலைத்தனர் என்பதையும் எழுதுவோம்.

இறுதியாக ஒன்று. இப்பத்திரிகை ஒரு குலத்தாரின் பத்திரிகை. இதனைப் படிப்போரும் பெரும்பாலும் நம்மவரே. ஆயினும் யாம் இன்று எடுத்துரைத்தது, எக்குலத்தாரும் தம்மவரென்று கொள்ளாத பிள்ளைகளின் வரலாறு. அவர்களுக்குக் கைத்திறமே குலமாயிற்று. சங்கிலியும் கோணமானியுமே குலதனமாயின. இதனை உணர்ந்தபின், நம் பட்டறை வாயிலில் வந்து நிற்கும் ஏழைப் பிள்ளையை ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டு நிறுத்துதல் நமக்கு அழகாகுமா? ‘உனக்கு என்ன வேலை கற்க விருப்பம்?’ என்பதே நாம் கேட்கத்தக்கது. அவ்வாறு கேட்டு உள்ளே அழைப்போர், அப்பிள்ளைக்கு ஒருநாட் சோற்றையன்று, ஆயுட்காலச் சோற்றை அளித்தோராவர். இப்பணியை இவ்வாண்டிலேயே தொடங்குமாறு சங்கத்தாரையும் குடும்பத்தாரையும் வணக்கத்தோடு வேண்டிக்கொள்கின்றோம்.